புட்டி அலசிய தண்ணீர்

ரூத்து, என் கண்ணு,

நீ போன பிறகு எனக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை. “எப்பக்கா இருந்துச்சு?” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. சரி, இருந்த கொஞ்சமும் போயிற்று என்று திருத்திக்கொள்கிறேன்.

தங்கைக்கு எழுதுகிற கடிதத்தை ஏன் அச்சில் ஏற்றுகிறாய் என்றும் கேட்பாய். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான். உன்னைப்போல் இளகிய மனசுக்காரர்கள் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிறார்கள். கெட்டவர்களைவிட இப்போது எனக்கு அவர்களிடம்தான் பயம்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் பெருகிவிட்டன. அப்பாவின் கருப்பட்டி மண்டி இருந்த இடத்தில் பனியன் விற்கிறார்கள். உன் வெள்ளைச் சேலைகளைத் துவைத்து, கொதிக்கவைத்து, மறுபடி துவைத்துத்தான் பெட்டியில் வைத்தேன். செத்த தங்கச்சி சேலையைக்கூடவா இந்தப் பொம்பளை நம்பாது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எதற்காகக் கொதிக்கவைத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குமே தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன்னை அறியாதவர்களுக்காக உன் கதையை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ நர்ஸ். இராயபுரத்தில் மீனவர்கள் குடியிருக்கும் சந்தின் முனையில், ஒரு டாக்டர் காலையில் மட்டும் வந்துபோகும் ஒற்றை அறை வைத்தியசாலையில், மீதிப் பொழுது முழுவதும் ஊசி போட்டுக் கட்டுக் கட்டியவள் நீ. நான் தண்ணீர் பார்க்கிறவள். ஊர்க் குழாயிலும் கிணற்றிலும் எடுத்த தண்ணீரில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அப்பா இரண்டு பெண்களையும் படிக்கவைத்தார். ஒருத்தி எல்லாரையும் தொட்டாள். மற்றவள் எதையும் கொதிக்கவைக்காமல் தொடவில்லை. இந்த வேடிக்கையை நீதான் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வாய்.

அப்பாவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தெற்கேயிருந்து கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும். கருப்பட்டியை எடுத்த பிறகு பெட்டியின் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதை வெந்நீரில் அலசி, அந்தத் தண்ணீரில்தான் நம் வீட்டுக் காப்பி. எண்ணெய்ச் சட்டியை அலசிக் குழம்பில் ஊற்றுவாள் அம்மா. மோர்ப் பானையை அலசி அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். கடையை அப்படித்தான் வளர்த்தார்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை வீசினால் நம் வீட்டில் அது பாவம்.

நீ பென்சிலின் புட்டியை அலசினாய்.

யுத்தம் முடிந்து அந்த மருந்து நம் பக்கத்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்த கண்கள் உனக்கு. பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் துவண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள் என்று ஓடிவந்து என்னிடம் சொன்னாய். அப்படிப்பட்ட மருந்து புட்டியின் சுவரில் நாலு சொட்டு நிற்கும்போது வீச உனக்கு எப்படி மனசு வரும்? வெந்நீர் விட்டுக் குலுக்கினாய். நாள் முழுவதும் சேர்ந்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டுபோய்ச் சந்து முனையில் கிடந்த கல்தொட்டியில் ஊற்றினாய். குதிரைவண்டிக்காரர்கள் ஒரு காலத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி அது. மீன் முள் குத்தியவர்கள், கயிறு அறுத்தவர்கள், சிப்பி கிழித்தவர்கள் எல்லாரும் போகிற வழியில் கையை அதில் நனைத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னாய். ஊசிக்கு வரமுடியாதவர்களுக்கும் நாலு சொட்டுப் போய்ச் சேரும்.

“அந்த அளவு மருந்தில் கிருமி சாகுமா?” என்று கேட்டேன்.

“கொஞ்சமாச்சும் சாகும்லாக்கா.”

“மிச்சம்?”

“உனக்கு எப்பவும் மிச்சத்து மேலதான் கண்ணு” என்று சிரித்தாய். அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியாது.

நீ போனது எப்படி என்று ஊருக்குத் தெரியும். மீன் விற்கிற குப்பம்மா உனக்கென்று எடுத்துவைத்துக் கொடுத்த கெளுத்தியை ஆயும்போது, முள் ஆள்காட்டி விரலில் ஏறியது. தொட்டியில் கையை அலசிவிட்டு அன்றைக்கும் வேலை பார்த்தாய். விரல் வீங்கியது. கை வீங்கியது. டாக்டர் பென்சிலின் போட்டார். அளவைக் கூட்டிப் போட்டார். காய்ச்சல் இறங்கவேயில்லை. உன் விரலிலிருந்து வழிந்ததை ஒரு பஞ்சுக்குச்சியில் தொட்டு நான் சோதனைக் குழாயில் எடுத்தபோது, அந்தக் காய்ச்சலிலும் உனக்குச் சிரிப்பு வந்தது. “எஞ்சீழையுமா நம்ப மாட்டக்கா?”

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் செய்த கேலி.

சாவு வீட்டிலேயே ஒரு பேச்சு எழுந்தது. மருந்து போலி என்று. உனக்கு மருந்து வந்தது நம் தெரு மருந்துக்கடைப் பெருமாள் அண்ணனிடமிருந்து. பென்சிலினில் மாவு கலக்கிறார்கள், சுண்ணாம்பு கலக்கிறார்கள் என்று அந்த நாளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குப்பம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் கடை வாசலிலேயே நின்று கத்தினாள்.

“யோவ், நல்லா பாத்துக்கய்யா! தங்கம் மாதிரி ஒரு பொம்பளைய சுண்ணாம்புத் தண்ணி குத்திக் கொன்னுட்டு, இங்க வந்து தராசு புடிச்சுகினு குந்திகினு கீறியே!”

அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. நான் போய் ஒரு புட்டி வாங்கினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

“என்னம்மா, நீயுமா?” என்றார். “ரூத்து என் தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை. எம் மருமகளுக்கும் இதே பெட்டியில இருந்துதான் எடுத்துப் போட்டேன்.”

அவர் கண்ணை நான் நம்பவில்லை. கண் கலங்குவது யாருக்கும் வரும். புட்டியைத்தான் நம்பலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதில்லை; இப்போது கேட்டுக்கொள். கடற்பாசியைக் காய்ச்சிய கஞ்சியை வட்டக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால் அது உறைந்து கிடக்கும். அதன்மேல் கிருமியைப் பூசி, நடுவில் மருந்தில் தோய்த்த சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடிவைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி முளைத்திருக்கும். மருந்து வேலை செய்தால், காகிதத்தைச் சுற்றி மட்டும் எதுவும் முளைக்காமல் ஒரு வட்டம் தெளிவாக நிற்கும். கோலத்துக்கு நடுவில் விளக்கு வைக்க விட்ட இடம் போல இருக்கும்.

பெருமாள் அண்ணன் கடை மருந்தை இரண்டு தட்டில் வைத்தேன். ஒன்றில், எங்கள் சோதனைக்கூடத்தில் பழைய நாளிலிருந்து வளர்த்து வரும் கிருமி. இன்னொன்றில், உன் விரலில் எடுத்தது.

முதல் தட்டில் வட்டம் விழுந்திருந்தது. அகலமான, சுத்தமான வட்டம். மருந்து நல்ல மருந்து.

இரண்டாவது தட்டில் வட்டமே இல்லை. உன் கிருமி காகிதத்தின் விளிம்புவரை வந்து, தொட்டுக்கொண்டு நின்றது. பொன்னிறத்தில், பொட்டுப் பொட்டாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. நான் மருந்தை மாற்றிவைத்துப் பார்த்தேன். வேறு கடையில் வாங்கிவைத்துப் பார்த்தேன். என் கையையே சந்தேகப்பட்டு, பக்கத்து மேசைக்காரரைப் பூசச் சொல்லியும் பார்த்தேன். வட்டம் விழவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தெருவில் நாலு பேரிடமும் சொன்னேன். பழி சொல்லும்போது ஓடிவந்த கூட்டம், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வரவில்லை. அது வழக்கம்தானே.

போகட்டும், உன் கிருமி இந்தத் திறமையை எங்கே கற்றது? கேள்வி அங்கே திரும்பியது. அந்தப் பழைய “மிச்சம்?” நினைவுக்கு வந்தது. வரவேண்டாம் என்று எவ்வளவோ பார்த்தேன்.

உன் தொட்டியை நீ இப்போது பார்க்க வேண்டும், ரூத்து. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விளிம்பில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். “வேதக்காரப் பொம்பளைக்குப் பொட்டா” என்று நம் சர்ச்சில் ஒருவர் முகம் சுளித்தார். அவர்களுக்கு நீ ரூத்தம்மா. கடலுக்குப் போகிறவர்கள் காயம் இல்லாவிட்டாலும் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். உன் இடத்துக்கு வந்த நர்ஸ் பெண்ணும் உன் நினைவாக நாள் தவறாமல் புட்டி அலசி ஊற்றிவந்தாள். யாரும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்க்கத் துணியவில்லை. நீ இருந்தபோதாவது வாரம் ஒருமுறை தேய்ப்பாய். இப்போது உள்ளே வழுவழுவென்று பாசி கட்டியிருந்தது.

குனிந்து ஒரு சின்னப் புட்டியில் தண்ணீர் எடுத்தேன். பின்னால் குரல் வந்தது.

“இன்னாமா அது, எங்கம்மா தொட்டில திருடிகினு போற?”

குப்பம்மாதான். அவளுடன் கூடை இறக்கிய பெண்கள் நாலைந்து பேர்.

“சோதிக்க எடுக்கிறேன், குப்பம்மா.”

“இன்னா சோதிப்ப? உன் தங்கச்சி கை இன்னா கைன்னு இந்தக் குப்பத்துல பாதி உசுரு சொல்லும். உனுக்கு கண்ணாடில பாத்தாதான் தெரியுமா?”

“வுடுடி” என்றாள் இன்னொருத்தி. “அந்தம்மா கல்யாணப் பந்தில எல தெளிக்கிற தண்ணியவே மோந்து பாத்துச்சு. நான் பாத்துகினு இருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அப்போதுதான் குப்பம்மாவின் புருஷன் தேசப்பன் வந்தான். இடது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கையைத் தொட்டியில் மணிக்கட்டுவரை வைத்தான். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம். ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் மஞ்சளாக, மோதிர விரல் வெள்ளரிப் பிஞ்சுபோல வீங்கியிருந்தது. உன் விரல் அப்படித்தான் தொடங்கியது.

“ஊசி போட்டாச்சாப்பா?”

“தெனம் போட்டுகினுதான் கீறேம்மா. கேக்க மாட்டேங்குது. அதான் ரூத்தம்மாகிட்ட காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி வந்து கைய வெக்கிறேன்.”

ஆறவில்லை, அதனால் இன்னும் அதிகமாக நனைக்கிறான். “இனிமே இதில் வைக்காதே” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை நனைத்துக்கொண்டு போனான்.

தொட்டித் தண்ணீரிலிருந்து வளர்ந்ததும் அதே பொன்னிறம். அதுவும் காகிதத்தின் விளிம்புவரை வந்து நின்றது.

ஜாடை ஒன்றாக இருப்பதால் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. அதனால் இன்னும் எடுத்தேன். தொட்டியின் பாசியில், பக்கத்தில் கிடந்த வடக்கயிற்றில், மீன் கூடைகளின் அடியில், தொட்டி வழிந்து ஓடும் சாக்கடையில் எடுத்தேன். பிறகு, தொட்டியும் இல்லாத, ஊசி அறையும் இல்லாத அடுத்த சந்தில் அதே மாதிரி கயிற்றிலும் கூடையிலும் எடுத்தேன். அடுத்த சந்தின் தட்டுகளில் வட்டம் விழுந்தது. உன் சந்தின் தட்டுகளில் அநேகமாக எதிலும் விழவில்லை.

நாலு சொட்டு மருந்து கிருமியைக் கொல்லத்தான் கொன்றது, ரூத்து. மெலிந்ததையெல்லாம் கொன்றது. தாங்கக்கூடியதை மட்டும் விட்டுவைத்து, அதற்கு இடமும் கொடுத்து, தினம் சாயங்காலம் மறுபடி ஊற்றிப் பழக்கியும் விட்டது. அதுதான் அந்த “மிச்சம்.” காயங்களிலிருந்து தொட்டிக்கு வந்து, தொட்டியிலிருந்து காயங்களுக்குப் போய், கயிற்றிலும் கூடையிலும் ஏறி அது ஊரைச் சுற்றியது.

உன்னிடமிருந்து தொட்டிக்கு வந்ததா, தொட்டியிலிருந்து உன்னிடம் வந்ததா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. என் மனசு ஒரு பதிலைக் கேட்கிறது. அதற்காகவே அந்தப் பதிலை நான் சந்தேகப்படுகிறேன். ஆனால் தேசப்பன் கை வீங்கியது நீ போன பிறகு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் பேர் கெடாமல் சொல்ல ஒரு வழி தேடினேன். குழாய்த் தண்ணீர் கெட்டது என்று சொல்லலாம். மழையில் சாக்கடை கலந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். சாயங்காலம் உன் நினைவாகச் செம்பு மறுபடி வரும்.

அதனால் வட்டம் விழுந்த தட்டு ஒன்றையும் விழாத தட்டு ஒன்றையும் மூடி, துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். தேசப்பன் காய்ச்சலில் பாயில் கிடந்தான். முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது. குப்பம்மா கவிழ்த்த கூடைமேல் தட்டுகளை வைக்கச் சொன்னாள்.

“இது சாதாரணக் கிருமி. மருந்துக்குப் பயந்து தள்ளி நிற்கிறது, பார்” என்றேன். “இது தொட்டியில் எடுத்தது.”

அவள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். தள்ளி இரு என்றேன்.

“இது இன்னா, மருந்த ஒரசிகினு நிக்குது?”

“பழகிவிட்டது.”

கொஞ்சம் யோசித்தாள். “நாய்க்கு கல்லக் காட்டிக் காட்டி அடிக்காம வுட்டா, அப்பால அது கல்லுக்கு பயப்படாது. அந்த மாதிரியா?”

முழுக்க அப்படி இல்லை. கிருமிக்குப் பயம் தெரியாது. ஆனால் திருத்த அது நேரமில்லை. “அந்த மாதிரிதான்” என்றேன். “இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். கையைக் கீறிச் சீழை எடுக்கணும். இந்த மருந்து வேண்டாம், புதிதாக ஒரு மஞ்சள் குளிகை வந்திருக்கிறது, அதில் உன் தொட்டிக் கிருமிக்கு வட்டம் விழுகிறது. நான் வைத்துப் பார்த்துவிட்டேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனா கைய எடுத்துடுவாங்கோ.” பாயிலிருந்து தேசப்பன் பேசினான். “கை இல்லாம துடுப்ப வாயிலயா கவ்விகினு போறது?”

“போகாவிட்டால் கை மட்டும் போகாது” என்றேன். எனக்கு இதமாகப் பேச வராது, உனக்குத் தெரியும்.

குப்பம்மா கண்ணைத் தட்டைவிட்டு எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அப்போ… ரூத்தம்மாக்கு… நான் குடுத்த கெளுத்தி முள்ளு இல்லையா?”

ரூத்து, நான் அந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தவறாகப் பார்த்திருக்கிறேன். பெருமாள் அண்ணன் கடை வாசலில் அவள் கத்தியது, தொட்டிக்கு மஞ்சள் பூசியது, என்னிடம் சண்டைக்கு வந்தது எல்லாம் இதுதானா? தன் மீன்தான் உன்னைக் கொன்றது என்று உள்ளே வைத்துக்கொண்டு, மருந்தின்மேல் பழியைப் போட முடியுமா என்று பார்த்திருக்கிறாள்.

“இல்லை” என்று உடனே சொல்லத் தோன்றியது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது என் பிழைப்பு. முள்ளில் ஒட்டியிருந்த எதுவும் வந்திருக்கலாம். ஆனால் உன் விரலில் நான் எடுத்தது மீனின் கிருமி அல்ல.

“முள் கதவைத் திறந்தது, குப்பம்மா. உள்ளே வந்தது முள் இல்லை.”

“அப்ப இன்னா வந்துச்சு?”

“அநேகமாக இதுதான்.” தட்டைக் காட்டினேன். “என் தங்கச்சி தொட்டியில் வளர்ந்தது. அவள் தெரியாமல் செய்தாள். நல்லது என்று நினைத்துச் செய்தாள். அவளையும் அது விடவில்லை.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை. உன் பேரை நான் கெடுத்த அந்த நிமிஷத்தில் அவள் தோளிலிருந்து ஏதோ இறங்கியதைப் பார்த்தேன். அது எனக்கு நல்லதாகவும் இருந்தது, பொறுக்கமுடியாமலும் இருந்தது.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். “யோவ், எந்திரி. ரிக்‌ஷா கூப்புடறேன்.”

“நான் வரல.”

“வரலன்னா தூக்கிகினு போவேன். நூறு மீனு தூக்குற தலைக்கு நீ ஒரு நோஞ்சான் சொறாவு. எந்திரிய்யா!”

கையைக் கீறினார்கள். குளிகை கொடுத்தார்கள். கை இருக்கிறது, ரூத்து. மோதிர விரல் மட்டும் மடங்காது. துடுப்புப் பிடிக்கும்போது அந்த ஒரு விரல் யாருக்கோ வழிகாட்டுவதுபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது. “கலெக்டர் விரலு” என்று அவனே காட்டிச் சிரிக்கிறான்.

தொட்டிக்கு வருகிறேன்.

அவன் வீடு திரும்பிய பிறகு குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடியது. அம்மா பேரால் இருப்பதைத் தொடக் கூடாது என்றார்கள் சிலர். என்னைப் பார்த்து, “கூடப் பொறந்தவளுக்கே பொறாம” என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. குப்பம்மா திறந்தாள்.

“ரூத்தம்மா கல்லாய்யா? எனுக்கு அது பொம்பள. நம்மள மாதிரி நல்லதும் பண்ணுச்சு, ஒண்ணு தெரியாமயும் பண்ணுச்சு. இன்னிக்கி அது உசுரோட இருந்தா இந்தத் தொட்டிய மொதல்ல தள்றது அதுதான். நீங்க வரீங்களா, பொம்பளைங்களே தள்ளிக்கவா?”

கட்டுமரம் இழுக்கிற உருட்டுக் கட்டைகளையும் வடத்தையும் கொண்டுவந்தார்கள். முதலில் தண்ணீரில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி ஊறவைக்கச் சொன்னேன். சாக்கடைக்கு அப்படியே போகக் கூடாது என்று. இரண்டாம் நாள் ஆணும் பெண்ணுமாக வடத்தைப் பிடித்து, கட்டுமரத்தைக் கரையேற்றுவதுபோல இழுத்து, தொட்டியைக் கவிழ்த்தார்கள். மணலில் அது விழுந்த சத்தம் அடுத்த சந்துவரை கேட்டது. மல்லிகைச் சரத்தைக் குப்பம்மா முன்பே அவிழ்த்துத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கவிழ்ந்த தொட்டியின் முதுகில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறாள். வெயில் நாள் முழுக்க அந்தக் கல்லைக் காய்ச்சுகிறது.

நர்ஸ் பெண்ணிடமும் பேசினேன். காலிப் புட்டிகளைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்த பிறகுதான் எறிகிறாள். சோடாவில் மருந்து செத்துவிடும். “இவ்வளவு நல்ல மருந்தையா மேடம்?” என்று வருத்தப்பட்டாள். உன் குரல் போலவே இருந்தது.

முடிந்தது என்று நினைக்காதே. நான் நினைக்கவில்லை. மழை வந்து அந்தச் சந்து முழுவதையும் கழுவிப்போன பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூடைகளில் குறைந்திருக்கிறது. சாக்கடைக் கல்லில் இன்னும் இருக்கிறது. வட்டம் விழாத பொட்டுகள். மருந்து ஊற்றுவதை நிறுத்தினால் அது மறந்துவிடுமா, எவ்வளவு காலத்தில் மறக்கும், மறக்கவே மறக்காதா? யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடலில் கலந்தால் செத்துவிடும் என்கிறார் எங்கள் மேலதிகாரி. அவரை நான் நம்பவில்லை. அவர் கடலைச் சோதித்ததில்லை.

இன்னொன்று. எல்லாரையும் எடுத்துப் பார்த்தவள் தன்னை விடக் கூடாது அல்லவா? பஞ்சுக்குச்சியை என் மூக்கினுள் விட்டு எடுத்துத் தட்டில் பூசினேன். மறுநாள் மூடியைத் திறந்தேன்.

பொன்னிறம். காகிதத்தின் விளிம்புவரை.

எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பேசாமல் குடியிருக்கிறது. உன் படுக்கையருகே இருந்தபோது வந்ததா, தொட்டியில் குனிந்தபோது வந்ததா? உன் சேலைகளைக் கொதிக்கவைத்த நான், உன்னைக் கொன்றதை என் மூச்சிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து யார் வீட்டுக் குழந்தையையும் நான் தூக்குவதில்லை. கர்வம் என்கிறார்கள்.

இதை அச்சில் ஏற்றும் காரணம் இதுதான். தேசப்பனின் தங்கை எண்ணூர்க் கழிக்கு அந்தப்புறம் காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். தொட்டி இருந்த காலத்தில் வந்து போகும்போதெல்லாம் ஒரு புட்டி நிறைய ரூத்தம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாளாம், தீர்த்தம்போல. எண்ணூரில் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் உன் பேரில் மண்பானையே வைத்திருக்கிறார்கள். ஊசி போடுகிற கம்பவுண்டர் ஒருவர் புட்டி அலசி ஊற்றுகிறாராம். நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

படிக்கிறவர்கள் யாராவது இப்படி ஒரு பானையைப் பார்த்தால் தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள், வைக்கவும் விடாதீர்கள். மருந்தை முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். அரை மருந்து தர்மம் இல்லை.

குப்பம்மாவும் வருகிறேன் என்கிறாள். “நீ பேசுனா அட்ச்சு தொரத்துவாங்கம்மா, நான் பேசறேன், நீ தட்டக் காட்டு” என்கிறாள். வாயையும் மூக்கையும் மூடி ஒரு துணி கட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். அவர்கள் தண்ணீரை நம்பாமல் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் நம்பாதது என்னை.

வீட்டில் கருப்பட்டிப் பெட்டியை மட்டும் இன்னும் அலசித்தான் காப்பி போடுகிறேன். அதில் என்ன வந்துவிடும் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு, ஒரு கொதிக்கு இரண்டு கொதியாக விடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ரூத்து. எண்ணூர்ப் பானையைக் கவிழ்ப்பேன். காட்டுப்பள்ளிக்குத் தோணி ஏறுவேன். தோணிப் பயணம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் ஏறுவேன். உன் பேரில் யாரும் புட்டி அலசாத நாள் வரைக்கும் போய்க்கொண்டிருப்பேன். நீ கேட்டுச் சிரித்துவிட்டுப் போன என் ஒற்றைச் சொல்லை, போகிற இடமெல்லாம் கேட்பேன்: மிச்சம்?

உன் கையை நம்பியும் உன் தொட்டியை நம்பாமலும் இருக்கிற,
உன் சந்தேகக்கார அக்கா
லீதியாள்